டேப் ஒரு கேள்வி: ஷெல்லுக்குப் பெயர் நிரப்பும் வசதி எழுதிய அனுபவம்

ஷெல்லில், அதாவது கட்டளைகளைத் தட்டி இயக்கும் திரையில், பாதிப் பெயரைத் தட்டிவிட்டு டேப் அழுத்துகிறவர் எதையும் செய்யச் சொல்லவில்லை. "இப்படித் தொடங்குவது இங்கே என்னென்ன இருக்கிறது?" என்று கேட்கிறார். எண்டர் அழுத்துவது கட்டளை, டேப் அழுத்துவது விசாரிப்பு. கேள்விக்குப் பதில் சொல்லும்போது எதுவும் மாறக் கூடாது, பதில் உடனே வர வேண்டும், கேட்டவர் ஏற்கெனவே தட்டியது பறிபோகக் கூடாது. இந்த மூன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டால், இந்த வேலையில் எதிர்ப்படும் முடிவுகளில் முக்கால்வாசிக்கு வழி கிடைத்துவிடும்.

எங்கள் அலுவலகத்தில் தரவுக் குழுவுக்கென்று ஒரு பைத்தான் ஷெல் இருக்கிறது. பைத்தானோடு வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் இன்டராக்டிவ் கன்சோல் கிளாஸ்தான் அதற்கு அடித்தளம். திறந்ததுமே சர்வரில் உள்ள அட்டவணைகள் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட்டாகக் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அதற்கு டேப் வசதி எழுதும் வேலை என்னிடம் வந்தது. பிறகு அதே ஷெல்லைச் சுருக்கி, வார இறுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிரல் சொல்லிக்கொடுக்கும் வகுப்பிலும் பயன்படுத்தினேன். அங்கே பிள்ளைகள் வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைத்தார்கள். அலுவலகத்தில் கண்ணுக்குப் படாத சிக்கல்கள் அங்கேதான் வெளியே வந்தன. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த வசதி பழையது. 1970 வாக்கில் பி.பி.என். நிறுவனத்தில் உருவான டெனெக்ஸ் இயங்குதளத்தில் எஸ்கேப் கீயை அழுத்தினால் பாதிக் கட்டளை முழுதாகும். அதைப் பார்த்து கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கென் கிரீர் யூனிக்ஸின் சி ஷெல்லுக்குக் கோப்புப் பெயர் நிரப்பும் வசதியைக் கொண்டுவந்தார். டி.சி.ஷெல் என்ற பெயரின் முதல் எழுத்து டெனெக்ஸைக் குறிப்பதுதான். இன்று லினக்ஸில் நாம் அழுத்தும் டேப் பெரும்பாலும் குனு ரீட்லைன் லைப்ரரிக்குப் போகிறது. பாஷ் ஷெல்லோடு பிறந்த லைப்ரரி அது. பிரையன் ஃபாக்ஸ் தொடங்கியதை செட் ரேமி நெடுங்காலமாகப் பராமரித்துவருகிறார். பைத்தானில் இவ்வசதி 3.4 பதிப்பிலிருந்து தானாகவே இயங்குகிறது. அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொருவரும் தம் ஸ்டார்ட்அப் கோப்பில் இரண்டு வரி எழுதி இதை எழுப்பிக்கொள்ள வேண்டியிருந்தது.

ரீட்லைன் கேட்கும் விதம்

ரீட்லைனுக்கு நாம் ஒரு ஃபங்ஷனைக் கொடுக்கிறோம். டேப் அழுத்தியதும் அது அந்த ஃபங்ஷனை இரண்டு தகவல்களோடு கூப்பிடும்: தட்டப்பட்ட சொல், ஒரு வரிசை எண். எண் 0 என்றால் முதல் பொருத்தத்தைத் தர வேண்டும், 1 என்றால் இரண்டாவது, இப்படியே போகும். தீர்ந்ததும் 'நன்' (None, ஒன்றுமில்லை) என்று திருப்பித் தந்தால் நிறுத்திக்கொள்ளும். ஆகவே எண் 0 வரும்போது பட்டியல் முழுவதையும் ஒரேயடியாகத் தயாரித்து வைத்துக்கொண்டு, அடுத்த அழைப்புகளில் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதே முறை. ஒவ்வோர் அழைப்பிலும் பட்டியலைப் புதிதாகக் கணக்கிட்டால், முந்நூறு பெயர் பொருந்தும் இடத்தில் முந்நூறு முறை அதே வேலை நடக்கும்.

சொந்த கன்சோல் எழுதுகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் முதல் இடம் இது: பெயர்களை நிரப்பித் தருவதற்கென்று பைத்தானோடு வரும் ஆர்.எல்.கம்ப்ளீட்டர் மாட்யூலை அப்படியே இணைத்தால், கன்சோலில் உருவாக்கிய வேரியபிள் எதுவும் பட்டியலில் வராது. அது இயல்பாகப் பார்ப்பது மெயின் மாட்யூலின் பெயர்களை. நம் கன்சோலோ தனக்கென்று வேறொரு டிக்ஷனரி (பெயர்களும் மதிப்புகளும் உள்ள தொகுப்பு) வைத்திருக்கிறது. கம்ப்ளீட்டரை உருவாக்கும்போதே அந்த டிக்ஷனரியைக் கையில் கொடுத்துவிட வேண்டும். ஒரே வரிதான். ஆனால் காரணம் தெரியாதவரை "டேப் வேலை செய்கிறது, என் பெயர்கள் மட்டும் இல்லை" என்ற குழப்பம் தீராது.

அடுத்தது இதைவிடத் தொல்லை. கம்ப்ளீட்டர் ஃபங்ஷனுக்குள் எக்ஸெப்ஷன் (ஓடும்போது நேரும் பிழை) எழுந்தால் பைத்தானின் ரீட்லைன் மாட்யூல் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். திரையில் எதுவும் தெரியாது. டேப் அழுத்தினால் ஒன்றும் நடக்காது, அவ்வளவுதான். பொருத்தம் இல்லையா, நம் நிரல் உடைந்ததா என்று பிரித்தறிய முடியாது. அதனால் வேறு எதையும் எழுதுவதற்கு முன் ஃபங்ஷன் முழுவதையும் ஒரு டிரை-எக்செப்ட்டுக்குள் போட்டு, எழும் எக்ஸெப்ஷனின் முழுத் தடத்தையும் ஒரு லாக் கோப்பில் எழுதவிடுங்கள். பக்கத்தில் இன்னொரு டெர்மினலில் அந்தக் கோப்பு ஓடிக்கொண்டிருக்கட்டும். பிரிண்ட் போட்டுப் பார்ப்பது இங்கே உதவாது. ப்ராம்ப்ட் வரியே சிதறிப்போய், எது தட்டியது, எது அச்சானது என்று தெரியாமல் போய்விடும்.

மேக் கணினிக்காரர்களுக்கு இன்னொன்று. அங்கே பைத்தான் பல சமயம் குனு ரீட்லைனோடு அல்லாமல் பி.எஸ்.டி. வழிவந்த லிப்எடிட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். மாட்யூல் பெயர் ஒன்றேதான், ஆனால் டேப் கீயைப் பிணைக்கும் கட்டளையின் எழுத்துமுறை வேறு. எது இருக்கிறது என்று அறிய முன்பு மாட்யூலின் விளக்கக் குறிப்பில் லிப்எடிட் என்ற சொல்லைத் தேட வேண்டியிருந்தது. 3.13 முதல் அதற்கென்றே பேக்எண்ட் என்ற மதிப்பு இருக்கிறது.

சொல் எங்கே தொடங்குகிறது

"தட்டப்பட்ட சொல்" என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. ரீட்லைன் தன்னிடம் உள்ள பிரிப்புக் குறிகளின் பட்டியலை வைத்து வரியை வெட்டுகிறது. பைத்தான் வைத்திருக்கும் இயல்பான பட்டியலில் அடைப்புக்குறி, மேற்கோள்குறி, கழித்தல் குறி, சாய்கோடு எல்லாம் உண்டு. புள்ளி இல்லை. அதனால்தான் ஆப்ஜெக்ட்டின் பெயரும் புள்ளியும் ஆட்ரிபியூட்டும் (ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் பெயர்) சேர்ந்து ஒரே சொல்லாக வருகின்றன. நாமும் முழுச் சொல்லாகவே திருப்பித் தர வேண்டும். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மட்டும் தந்தால், முன்னால் இருந்த ஆப்ஜெக்ட் பெயர் அழிந்துபோகும்.

எங்கள் ஷெல்லில் அட்டவணைப் பெயர்கள் கழித்தல் குறியோடு வந்தன. சதுர அடைப்புக்குள் மேற்கோளிட்டு அந்தப் பெயரைப் பாதி தட்டினால் நமக்குக் கிடைப்பது கடைசிக் கழித்தல் குறிக்குப் பின்னால் உள்ள துண்டு மட்டுமே. இதற்குப் பலரும் செய்வது பிரிப்புக் குறிப் பட்டியலிலிருந்து கழித்தல் குறியை நீக்கிவிடுவது. அப்படிச் செய்தால் இரண்டு வேரியபிளைக் கழிக்கும் கணக்கில் இரண்டாவது பெயர் நிரம்பாது. ஒரு வரியின் ஓரிடத்துக்குச் சரியான விதி இன்னோரிடத்தில் தப்பு. ஒரே பட்டியலால் இரண்டையும் ஆள முடியாது.

எனக்குப் பலன் தந்த வழி, பட்டியலோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு முழு வரியையும் நாமே பார்ப்பது. ரீட்லைனிடம் வரி முழுவதையும் கர்சர் நிற்கும் இடத்தையும் கேட்டு வாங்க முடியும். அதை வைத்துத் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதினேன். அது வாங்குவது இரண்டே: வரி, கர்சர் இடம். தருவது இரண்டே: எங்கிருந்து மாற்ற வேண்டும், எவற்றால் மாற்றலாம். அதற்குள் ரீட்லைன் பற்றிய பேச்சே கிடையாது. கர்சர் மேற்கோளுக்குள் நிற்கிறதா, அந்த மேற்கோளுக்கு முன் சதுர அடைப்பு இருக்கிறதா, இம்போர்ட் வரியா, புள்ளிக்குப் பின்னாலா, வெறும் பெயரா என்று வரிசையாகப் பார்த்து முடிவெடுக்கும். ரீட்லைனுக்கு ஏற்ப வெட்டிக் கொடுக்கும் வேலை அதன்மேல் ஒரு மெல்லிய உறையாக நின்றுவிட்டது.

உலாவியில் நிரல் எழுதி ஓட்ட உதவும் ஜுபிட்டரின் செய்தி நெறிமுறை இதே வடிவத்தில்தான் அமைந்திருக்கிறது. முகப்பு நிரலையும் கர்சர் இடத்தையும் அனுப்புகிறது. நிரலை ஓட்டும் கெர்னல் தொடக்கம், முடிவு, பொருத்தங்கள் மூன்றையும் திருப்பி அனுப்புகிறது. அங்கே ஒரு படிப்பினையும் கிடைக்கிறது. கர்சர் இடத்தை எந்த அலகில் எண்ணுவது? ஜாவாஸ்கிரிப்ட் யு.டி.எஃப்-16 அலகில் எண்ணும், பைத்தான் யூனிகோட் குறியிடங்களில் (ஒவ்வொரு குறிக்கும் யூனிகோட் தரும் எண்) எண்ணும். வரியில் ஓர் எமோஜி இருந்தால் இரண்டு கணக்கும் ஒன்று தவறிவிடும். பல முகப்புகளில் இந்தக் குளறுபடி இருந்ததால், நெறிமுறையின் 5.2 பதிப்பில் குறியிடங்களே அலகு என்று திட்டவட்டமாக எழுதிவைத்தார்கள். உங்கள் ஷெல்லும் முகப்பும் வேறுவேறு மொழியில் எழுதப்பட்டிருந்தால், இதை முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள்.

கேட்டதற்கே பில் போடக் கூடாது

இனி நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது. புள்ளிக்குப் பின்னால் என்ன வரலாம் என்று அறிய வேண்டுமானால், புள்ளிக்கு முன்னால் இருப்பது எது என்று தெரிய வேண்டும். அதற்கு ஆர்.எல்.கம்ப்ளீட்டர் அந்தப் பகுதியை இவால் செய்து பார்க்கிறது. அதாவது டேப் அழுத்தினாலே நிரலின் ஒரு துண்டு உண்மையாகவே ஓடுகிறது. இதன் ஆபத்தை உணர்ந்துதான் அந்த மாட்யூலை எழுதியவர்கள் பெயரும் புள்ளியும் மட்டுமே கொண்ட கோவைகளோடு நிறுத்திக்கொண்டார்கள். ஃபங்ஷன் அழைப்பின் அடைப்புக்குறி வந்தால் தொட மாட்டார்கள். கோப்பை அழிக்கும் ஒரு ஃபங்ஷனுக்குப் பின்னால் புள்ளி வைத்து டேப் தட்டினால் கோப்பு போய்விடக் கூடாதல்லவா.

ஆனால் வெறும் புள்ளியும் பைத்தானில் நிரபராதி அல்ல. ப்ராபர்ட்டி என்று எழுதினால் ஆட்ரிபியூட்டைத் தொட்டவுடன் ஒரு ஃபங்ஷன் ஓடும். இல்லாத ஆட்ரிபியூட்டைக் கேட்டாலும் கெட்-ஆட்டர் என்ற சிறப்பு மெத்தட் எதையாவது செய்யலாம். இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் ஹேஸ்-ஆட்டர்கூட உள்ளுக்குள் எடுத்துத்தான் பார்க்கிறது. ஆர்.எல்.கம்ப்ளீட்டரே பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்து, அது அழைக்கத்தக்கதா என்று பார்த்து, ஆமென்றால் திறப்பு அடைப்புக்குறியையும் சேர்த்துத் தருகிறது. அந்த வசதிக்காக முன்பு ப்ராபர்ட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. பின்னர் அவற்றைத் தொடாமல் தாண்டிப்போகும்படி திருத்தினார்கள்.

எங்கள் அட்டவணை ஆப்ஜெக்ட்கள் எல்லாம் தேவைப்படும்போது மட்டும் சர்வரிலிருந்து இழுத்துவரும் வகை. ஆட்ரிபியூட்டைத் தொட்டால் நெட்வொர்க்கில் கேள்வி போகும். பைத்தானின் கம்ப்ளீட்டரோடு இதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்: ஒருவர் புள்ளி வைத்து டேப் தட்டுகிறார், அட்டவணையின் பத்திகள் (நெடுவரிசைகள்) ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி சர்வருக்குப் போகிறது, ப்ராம்ப்ட் உறைந்து நிற்கிறது. வி.பி.என். இணைப்பில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இன்னும் மோசம். மளிகைக் கடையில் பருப்பு என்ன விலை என்று கேட்டவரிடம் பில்லைப் போட்டு நீட்டுவது மாதிரியான காரியம் இது.

டைம்அவுட் வைக்கலாமே என்று குழுவில் ஒரு பேச்சு வந்தது. தனி த்ரெட்டில் (பக்கத்தில் தனியாக ஓடும் வேலையில்) எடுத்துவரச் சொல்லிவிட்டு, கால் நொடியில் வராவிட்டால் விட்டுவிடலாம் என்று. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாம் காத்திருப்பதை நிறுத்தினாலும் அந்த த்ரெட் நிற்பதில்லை. கேள்வி சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த டேப்புக்கு இன்னொன்று போகும். தாமதம் அங்கே வெளியே தெரிந்த அறிகுறி மட்டுமே. கோளாறு, டேப் அழுத்தியதால் ஒரு செயல் நடந்துவிட்டது என்பதில் இருக்கிறது.

ஆகவே கம்ப்ளீட்டருக்கு ஒரு விதி வைத்தோம்: எதையும் எடுக்காதே, இருக்கிறதா என்று மட்டும் பார். இதற்குப் பைத்தானின் இன்ஸ்பெக்ட் மாட்யூலில் 3.2 பதிப்பிலிருந்தே ஒரு நல்ல கருவி இருக்கிறது, பெயர் கெட்-ஆட்டர்-ஸ்டாட்டிக். ப்ராபர்ட்டியையோ சிறப்பு மெத்தட்களையோ ஓடவிடாமல், ஆப்ஜெக்ட்டின் டிக்ஷனரியையும் அதன் கிளாஸ்களின் டிக்ஷனரிகளையும் மட்டும் துழாவி, அங்கே கிடப்பதை அப்படியே எடுத்துக் காட்டும். ப்ராபர்ட்டி என்றால் ப்ராபர்ட்டி ஆப்ஜெக்ட்டே கிடைக்கும், அதன் மதிப்பு கிடைக்காது. நமக்கு வேண்டியதும் அதுதான். புள்ளிகள் பல வந்தால் ஒவ்வோர் அடியையும் இப்படியே கடக்கிறோம். நடுவில் ஒரு ப்ராபர்ட்டி குறுக்கிட்டால் அங்கேயே நின்று, பட்டியல் தராமல் திரும்பிவிடுகிறோம். பத்திப் பெயர்களுக்கு, இணைப்பு ஏற்படும்போதே பெயர்ப்பட்டியலை ஒருமுறை இறக்கி உள்ளூர்க் கோப்பில் வைத்துக்கொண்டோம். அது சற்றுப் பழையதாக இருக்கக்கூடும், நேற்றுச் சேர்த்த பத்தி வராமல் போகலாம். அதற்குப் புதுப்பிக்கும் கட்டளை ஒன்று தந்திருக்கிறோம். விரைவாக வரும் சற்றுப் பழைய பதில், உறைந்து நிற்கும் சரியான பதிலைவிட மேல் என்பது என் தீர்மானமான கருத்து.

எதையும் ஓட்டாமல் நிரலின் எழுத்தை மட்டும் படித்து ஊகிக்கும் வழியும் உண்டு. ஜெடி லைப்ரரி அதைத்தான் செய்கிறது, பைத்தானுக்கான இன்னொரு ஷெல்லான ஐபைத்தானும் அதைப் பயன்படுத்துகிறது. கோப்பில் எழுதும் நிரலுக்கு அது அருமை. உயிரோடிருக்கும் ஷெல்லில் ஆப்ஜெக்ட் கண்முன்னே நிற்கிறது. அதைப் பார்த்துச் சொல்வதே பெரும்பாலும் துல்லியம். ஐபைத்தானில் இப்போது இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை இருக்கிறது. பக்கவிளைவு இல்லை என்று உறுதியாகத் தெரிந்த சில வகைகளை மட்டும் மதிப்பிட்டுப் பார்க்கும் கட்டுப்பாடான முறை அது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதன் நிரலைப் படித்துப் பார்க்கலாம், நேரம் வீணாகாது.

பட்டியலைப் பற்றிச் சில. ஒற்றை அடிக்கோட்டில் தொடங்கும் பெயர்களை, பயனர் தாமே அடிக்கோடு தட்டும்வரை காட்டாதீர்கள். பைத்தான் கம்ப்ளீட்டரும் அப்படித்தான் செய்கிறது. பொருத்தங்கள் நூறைத் தாண்டினால் ரீட்லைன் எல்லாவற்றையும் காட்டட்டுமா என்று கேட்கும், அந்த எல்லையை மாற்றலாம். நீங்கள் எவ்வளவு யோசித்து வரிசைப்படுத்தினாலும் ரீட்லைன் அகரவரிசையில் அடுக்கிவிடும். அதிகம் பயன்படும் பெயர் மேலே வர வேண்டுமென்றால் ப்ராம்ப்ட் டூல்கிட் போன்ற வேறு லைப்ரரிக்குத்தான் போக வேண்டும். ஐபைத்தான் 2016-ல் 5-ஆம் பதிப்பில் அதற்கு மாறியது.

டேப்புக்கு இன்னொரு பழைய வேலையும் உண்டு, உள்தள்ளல். வரியில் இன்னும் எதுவும் தட்டாதபோது டேப் அழுத்தினால் பட்டியல் காட்டக் கூடாது, இடம் விட வேண்டும். இதைவிட வம்பு, டேப் எழுத்துகள் உள்ள நிரலை வேறெங்கிருந்தோ காப்பி செய்து ஒட்டுவது. ஒவ்வொரு டேப்பும் கீயை அழுத்தியதாகவே ஷெல்லுக்குப் படும். ஒட்டிய நிரலின் நடுவே பட்டியல்கள் கொட்டும். ஒட்டப்படுவதை டெர்மினல் தனியாக அடையாளமிட்டு அனுப்பும் ஏற்பாடு இதற்குத் தீர்வு. ரீட்லைன் 8.1 அதை இயல்பாக இயக்கியது. ஆனால் பைத்தானின் பழைய ஷெல் பல வரிகளை ஒன்றாக வாங்கத் தெரியாததால் அதை வேண்டுமென்றே அணைத்துவைத்தது. 3.13-ல், பைத்தானின் இன்னொரு செயலாக்கமான பைபையிலிருந்து வந்த புதிய ஷெல்லில்தான் ஒட்டுவது ஒழுங்காயிற்று.

தமிழ்ப் பெயர்கள்

பைத்தான் 3.0 வெளியான 2008 முதல் வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். பழம், விலை, மொத்தம் என்று பிள்ளைகள் இயல்பாக எழுதுகிறார்கள். முதல் எழுத்தைத் தட்டி டேப் அழுத்தினால் பெயர் முழுதாக வரும். ஆனால் 'பழம்' என்று தட்டி நிறுத்தப் புள்ளி வைத்து டேப் அழுத்தினால் ஒன்றும் வராது. 'பல' என்று ஒரு வேரியபிள் இருந்தால் அதற்கு வரும்! வகுப்பில் ஒரு சிறுமி இதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். ஏன் ஒன்றுக்கு வருகிறது, மற்றதற்கு வரவில்லை என்று அவள் கேட்டது மிக நல்ல கேள்வி.

காரணம் ஆர்.எல்.கம்ப்ளீட்டரின் ரெகெக்ஸில் (எழுத்துகளின் வடிவத்தைத் தேடும் விதி) இருக்கிறது. பெயரை அடையாளம் காண அது 'சொல்லெழுத்து' வகையைப் பயன்படுத்துகிறது, பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்த அந்தக் குறி. பைத்தானின் ரெகெக்ஸ் மாட்யூலைப் பொறுத்தவரை சொல்லெழுத்து என்றால் எழுத்து, எண், அடிக்கோடு. யூனிகோடில் நம் மெய்ப்புள்ளியும் கால், கொம்பு, சுழி முதலான துணைக்குறிகளும் எழுத்துகள் அல்ல, ஒட்டுக்குறிகள். எனவே 'பழம்' என்பதில் ப, ழ, ம மூன்றையும் தாண்டி மெய்ப்புள்ளியில் ரெகெக்ஸ் நின்றுவிடும். அடுத்து வர வேண்டிய நிறுத்தப் புள்ளி அங்கே இல்லாததால் பொருத்தமே இல்லை என்று முடிவு கட்டும். 'பல'வில் ஒட்டுக்குறி எதுவும் இல்லை, அதனால் தப்பியது. மொழியின் இலக்கணம் ஏற்கும் பெயரை அதே மொழியின் கருவி ஏற்காமல் விடுகிறது. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் இதே கதிதான்.

தீர்வு எளிது. ரெகெக்ஸை விட்டுவிட்டு, கர்சரிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு குறியிடமாக நகருங்கள். லத்தீன் எழுத்து ஒன்றின் பின்னால் அந்தக் குறியிடத்தை ஒட்டி, இது செல்லுபடியாகும் பெயரா என்று பைத்தானின் ஈஸ்-ஐடென்டிஃபயர் மெத்தட்டையே கேளுங்கள். ஆம் என்றாலோ, அது நிறுத்தப் புள்ளியாக இருந்தாலோ தொடருங்கள், இல்லையென்றால் நில்லுங்கள். பெயர் எது என்று முடிவுசெய்யும் அதிகாரம் அந்த மொழியிடமே இருக்கட்டும், நாம் தனியாக ஓர் இலக்கணம் எழுத வேண்டாம்.

அடுத்தது ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள். 'பொருள்' என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியிடமான கொம்புக்கால், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைத்தான் நிரலைப் படிக்கும்போது பெயர்களை என்.எஃப்.கே.சி. என்ற யூனிகோடின் சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது, அதனால் நிரல் சரியாக ஓடும். ஆனால் கம்ப்ளீட்டருக்கு வருவது மாற்றப்படாத, தட்டியது தட்டியபடியான எழுத்து. அதை டிக்ஷனரியில் உள்ள பெயரோடு நேராக ஒப்பிட்டால் பொருந்தாது. ஒப்பிடும் முன் தட்டிய சொல்லையும் என்.எஃப்.கே.சி. ஆக்கிவிடுங்கள். கைபேசியிலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக்குறி ஒன்று நடுவில் வந்து உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அதைப் பெயரில் பைத்தான் ஏற்பதில்லை, பிழை காட்டும். அதைக் கம்ப்ளீட்டர் சரிசெய்ய முயலாமல் பிழை வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவதுதான் நுட்பமானது. 'பாடம்', 'பாட்டு' என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. 'பா' தட்டி டேப் அழுத்தினால் ரீட்லைன் இரண்டுக்கும் பொதுவான முன்பகுதியைக் குறியிடக் கணக்கில் கண்டு, 'பாட' என்று நிரப்பும். தமிழில் படிப்பவருக்கு 'பாட்டு' என்ற சொல் 'பாட' என்று தொடங்குவதில்லை. அது பா, ட், டு. தமிழ்99 விசைப்பலகையில் புள்ளிக்குத் தனி விசை இருப்பதால் அங்கிருந்து தொடரலாம். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டுகிறவருக்குப் புள்ளி தனியாகக் கிடைக்காது, மெய்யெழுத்தோடு சேர்ந்தே வரும். அவர் டகரத்தை அழித்துவிட்டு மீண்டும் தட்ட வேண்டும். உதவ வந்தது இடைஞ்சலாகிவிட்டது.

பொது முன்பகுதியை எழுத்துக் கணக்கில் வெட்ட வேண்டும். பெயர்களை முதலில் எழுத்துகளாகப் பிரித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டால் 'பா' என்பதோடு நிற்கும். பிரிப்பதற்கு ஓபன்-தமிழ் லைப்ரரியில் ஆயத்தமான ஃபங்ஷன் இருக்கிறது. எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலை முன்னெடுத்த திட்டம் அது. ஒரு கவனம் வேண்டும்: பயனர் ஏற்கெனவே 'பாட' என்று தட்டியிருந்தால், எழுத்துக் கணக்கு 'பா'வில் நின்றாலும் அவர் தட்டிய டகரத்தை எடுத்துவிடக் கூடாது. பைத்தானின் ரீட்லைன் மாட்யூல் வழியாக இந்தக் கணக்கில் நாம் தலையிட முடியாது, உள்ளே சி நிரலே அதைச் செய்கிறது. வகுப்புக்கான ஷெல்லை ப்ராம்ப்ட் டூல்கிட்டுக்கு மாற்றி, டேப் கீயை நாமே பிடித்து நிரப்பும்படி எழுதியதற்கு இது ஒன்றே போதுமான காரணமாக இருந்தது.

சோதிப்பது

வரியும் கர்சரும் வாங்கும் ஃபங்ஷனைத் தனியாக வைத்ததால் சோதனைகள் எளிதாயின. வரியில் கர்சர் இருக்குமிடத்தில் ஒரு குறியை வைத்து எழுதி, வர வேண்டிய பெயர்களைப் பக்கத்தில் எழுதினால் ஒரு சோதனை முடிந்தது. புதிதாக யாராவது "இங்கே டேப் வேலை செய்யவில்லை" என்று சொன்னால், அவர் தட்டிய வரியே அடுத்த சோதனையாகிவிடும். உண்மையான டெர்மினல் போல நடித்துச் சோதிக்கும் பெக்ஸ்பெக்ட் சோதனைகள் மிகச் சிலவே வைத்திருக்கிறோம். அவை மெதுவானவை, கீ பிணைப்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எல்லாவற்றையும்விட அதிகம் காப்பாற்றிய சோதனை ஓர் ஆப்ஜெக்ட். அதன் ஒவ்வொரு ப்ராபர்ட்டியும், கெட்-ஆட்டரும், நீளம் சொல்லும் மெத்தட்டும், தன்னைச் சரமாகக் காட்டும் மெத்தட்டும், தொட்டவுடன் தம் பெயரை ஒரு பட்டியலில் எழுதிவிடும். அந்த ஆப்ஜெக்ட்டின் மேல் எல்லா வகையான டேப் வேண்டுதல்களையும் ஓட்டிவிட்டு, பட்டியல் காலியாக இருக்கிறதா என்று பார்க்கிறோம். எக்ஸெப்ஷன் எழுப்பும்படி எழுதாமல் பட்டியலில் எழுதும்படி வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: கம்ப்ளீட்டர் எக்ஸெப்ஷனை விழுங்கும் இயல்புடையது, விழுங்கிவிட்டால் சோதனை பொய்யாகத் தேறிவிடும். புதிதாக யார் வந்து இந்த நிரலில் கைவைத்தாலும் முதலில் சிவப்பாவது, அதாவது தோற்பது, இந்தச் சோதனைதான்.

தனியாக ஷெல் எழுதாமல், தம் பைத்தானிலேயே தமிழ்ப் பெயர்களுக்குப் புள்ளிக்குப் பின்னால் நிரப்ப வேண்டும் என்பவர்களுக்கு: ஆர்.எல்.கம்ப்ளீட்டரின் கம்ப்ளீட்டர் கிளாஸிலிருந்து ஒரு கிளாஸை வழிப்படுத்தி, ஆட்ரிபியூட் பொருத்தங்களைத் தேடும் மெத்தட்டை மட்டும் மேலே சொன்னபடி மாற்றி எழுதுங்கள். அதை பைத்தான் ஸ்டார்ட்அப் (PYTHONSTARTUP) சூழல் மாறி சுட்டும் கோப்பில் வைத்து, ரீட்லைனுக்குக் கம்ப்ளீட்டராகக் கொடுங்கள். பைத்தான் தன் இயல்பான ஏற்பாட்டை அதற்குப் பிறகுதான் செய்யும் என்றாலும், ஏற்கெனவே ஏற்றப்பட்ட மாட்யூலை அது மறுபடி ஓட்டுவதில்லை, ஆகவே நீங்கள் கொடுத்தது நிலைத்திருக்கும். 3.13 முதல் புதிய ஷெல் வழக்கமாகத் திறப்பதால், பேசிக் ரெப்பல் (PYTHON_BASIC_REPL) சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துப் பழைய ஷெல்லைத் திறந்து முதலில் சோதித்துப் பாருங்கள்.